தோணிச் சொற்கள்: பகைமொழியும் கடலெல்லையும் பற்றி மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

எமது இலக்கியத் திறனாய்வு கவிதையை ஆராய்ந்துள்ளது. நாவலையும் சிறுகதையையும் நாடகத்தையும் ஆராய்ந்துள்ளது. நாட்டார் பாடல்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆயினும் இந்நாட்டுச் சாதாரண மனிதன் தன் வாழ்நாளில் மிகக் கூடுதலாகக் கேட்ட உரைநடை எதுவோ அதனை அது ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அரசியல் மேடைப் பேச்சையே இங்கு குறிப்பிடுகின்றோம். மேடைப் பேச்சு இலக்கியமாகுமா என்னும் வினா ஈண்டு வேண்டப்படுவதன்று. உவமையும் உருவகமும், அடுக்கும் எதுகையும், கேட்போர் நெஞ்சைப் பிணிக்கும் நோக்கமும் கொண்ட யாதும் திறனாய்வுக்கு உட்பட்டதே. அத்தகைய பேச்சின் முடிவிலே சிலவேளை கடைகள் எரிகின்றன என்பது அதனைக் கூர்ந்து ஆராய்வதற்கு மேலுமொரு காரணமாகும்.

பகைமையை வளர்க்கும் அரசியற் பேச்சு எவ்வாறு கடலெல்லையைத் தனக்கு மூலப்பொருளாக்கிக் கொள்கின்றது, அவ்வாறு ஆக்கப்பட்ட பேச்சு எவ்வாறு அவ்வெல்லையைத் தானே கடந்து செல்கின்றது என்பவற்றை மாத்தளை மாவட்டத்தை மையமாகக் கொண்டு நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. கட்டுரையாளன் அம்மாவட்டத்திலே வளர்ந்தவன் என்பது இத்தெரிவுக்கு ஒரு காரணம். மற்றைய காரணம் இதனினும் வலிமையுடையது. அலுவிகாரையிலே பௌத்தத்தின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவிலுள்ள நாலந்தாவிலே பௌத்த வழிபாட்டிடமொன்று பல்லவர் கட்டடக்கலை மரபிலே எழுந்து நிற்கின்றது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதனைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து மீளக் கட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துத் தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். வழியில் மாண்டவர் தொகை பெரிது. எஞ்சியோர் நட்டு வணங்கிய தெய்வம் மாத்தளை நகரின் முத்துமாரியம்மனாக இன்று வீற்றிருக்கின்றது. நகரத் தெருக்களில் முஸ்லிம் வணிகர் பல தலைமுறைகளாகக் கடை வைத்துள்ளனர். எனவே, கடலுக்கு அப்பாலிருந்து வந்தவை எவை, இங்கேயே தோன்றியவை எவை என்று பிரித்துக் காட்ட முற்படுபவன் இம்மாவட்டத்திலே மிகவும் இடர்ப்படுவான். அவ்வாறு பிரித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட பேச்சு இங்கு எவ்வாறு வேரூன்றியது என்பதே எமது வினா.

முதலிற் சொற்களை நோக்குவோம். இந்நாட்டின் பகைமொழியில் வழங்கும் வசைச்சொற்களுட் பல தோணியோடு தொடர்புடையன. தோட்டத் தமிழரைச் சிங்கள மேடையிலே ‘கள்ளத்தோணி’ என்றனர். அது தூய தமிழ்ச் சொல். அனுமதியின்றிக் கடல் கடந்து வந்தவனைக் குறிக்கத் தமிழர் வழங்கிய சொல்லே மொழி கடந்து சென்று, இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டின் மண்ணையே கொத்தியவன் மீது ஒட்டப்பட்டது. முஸ்லிம்களைச் சிங்களத்தில் ‘மரக்கல’ என்பர்; மரக்கலம் என்னும் தமிழ்ச்சொல்லை அதில் இனங்காண்பது கடினமன்று. ‘ஹம்பயா’ என்னும் இழிசொல்லைச் சம்பான் என்னும் படகுப் பெயரோடு தொடர்புபடுத்துவர். ‘தம்பியா’ என்பது வேறொரு வகை. ஒரு வீட்டிலே இளையவனை அன்போடு விளிக்கும் சொல் வேலியைத் தாண்டியதும் வசையாயிற்று. இவற்றுக்கு நேர்மாறாக ‘முதலாளி’ என்னும் எமது சொல் சிங்களத்தில் ‘முதலாலி’ என்று மரியாதையோடு வழங்குகின்றது. சந்தை கடன்வாங்கிய சொல்லுக்கு மதிப்புண்டு; மேடை கடன்வாங்கிய சொல்லிலே நஞ்சுண்டு. தம்புள்ளையின் பெரிய மரக்கறிச் சந்தையிலே ஒரு நாட் காலை நின்று கேட்பவர்க்கு இவ்வேறுபாடு செவிவழியே விளங்கும்.

விசயனும் தோணியிலேயே வந்தான் என்பதை மேடை மறந்துவிடுகின்றது. ஆயினும் அதை நினைவூட்டுவதால் எவரும் திருந்தியதாக நாம் அறியோம். சொல்லின் வரலாற்றைக் காட்டிச் சொல்லின் வலிமையை அழித்துவிடலாம் என்பது மொழியாராய்ச்சியாளருக்கு இயல்பான ஒரு மயக்கம். வசைச்சொல் தகவல் தருவதற்காக வழங்கப்படுவதன்று. அது அயலானை அவனுடைய முகவரியிலிருந்து பெயர்த்துக் கடற்கரையிலே நிறுத்துகின்றது. நேற்றுவரை இராத்தோட்டை வீதியிலே துணிக்கடை வைத்திருந்தவன் இன்று ஒரு தூர தேசத்தின் பிரதிநிதியாகின்றான். அவனோடு செய்யவேண்டிய வழக்கை அத்தேசத்தோடு செய்யவேண்டிய வழக்காகவும், அத்தேசத்தின் மீதுள்ள அச்சத்தை அவன் மீது தீர்த்துக்கொள்ள வேண்டிய பழியாகவும் மேடை மாற்றிவிடுகின்றது. பகைமொழியின் அடிப்படை உத்தி இதுவென்று கூறலாம். ஏனைய அணிகள் யாவும் இதற்குத் துணை.

இவ்வுத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழுமை பெற்றுவிட்டது. கம்பளைப் பெரஹரா வழக்கிலே உயர் நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் விகாரைத் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் வெசாக் காலத்திலே கண்டியில் மூண்ட கலகம் மாத்தளை உட்படப் பல இடங்களுக்குப் பரவிற்று. அவ்வேளை கல்கத்தாவிலிருந்த அநகாரிக தர்மபால குடியேற்ற நாட்டு அமைச்சருக்கு எழுதிய கடிதத்திலே, ஐரோப்பாவில் யூதர் எவ்வாறோ அவ்வாறே இங்கு முஸ்லிம் வணிகர் என்ற ஒப்புமையைக் கையாண்டார். இலங்கைச் சிங்களக் கிராமவாசி யூதனைக் கண்டதில்லை. ஷேக்ஸ்பியரின் வட்டிக்காரனை ஆங்கிலங் கற்றவனே அறிவான். எனினும் ஐரோப்பியரின் பகைமொழி ஆங்கிலக் கல்வியின் வழியே கப்பலேறி வந்து, இந்நாட்டு முதலாளி மீது இறங்கிற்று. அனுமதியின்றிக் கரையிறங்கியவை எவையென்று தேடுவோர் இவ்வுருவகத்திலிருந்து தொடங்கலாம். தர்மபால பௌத்த மறுமலர்ச்சிக்கு ஆற்றிய பணியை இதனாற் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அப்பணியும் இவ்வொப்புமையும் ஒரே எழுதுகோலிலிருந்து பிறந்தவை என்பதை மறைக்கவும் இயலாது.

தோட்டத் தமிழர் விடயத்திலே உத்தி சட்டமாகவே மாறிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மாத்தளைத் தோட்டங்களிலிருந்து இரயிலேறிச் சென்றோர் இங்கு ‘இந்தியர்’ என அழைக்கப்பட்டவர்கள். நீலகிரியிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் குடியமர்ந்த பின் அவர்களை ‘சிலோன்காரர்’ என்றனர். ஒரே மனிதன் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் மறுகரையின் பெயரால் அழைக்கப்படுகின்றான். பகைமொழி எல்லையைக் கடப்பது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையும் இயக்கங்களையும் தேடுவர். அவர்கள் இவ்விரு பெயர்களையும் சேர்த்து வைத்து எண்ணுதல் நன்று. அதே 1960களில் பர்மாவிலிருந்தும் தமிழர் ‘கலா’ என்னும் வசையோடு வெளியேற்றப்பட்டுத் தமிழகம் வந்து சேர்ந்தனர்.

1960களின் பிற்பகுதியிலே மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. டில்லியின் அரசியலையும் இந்திய முதலாளித்துவத்தையும் விமரிசிப்பதற்கு நியாயமான காரணங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவ்வகுப்பிலே நாட்கூலிக்குத் தேயிலை பறித்த தொழிலாளி அவ்விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டப்பட்டான். வர்க்கப் பகுப்பாய்வைப் பறைசாற்றிய இயக்கம் தன் கண்முன்னேயிருந்த மிகப்பெரிய பாட்டாளிக் கூட்டத்தைக் கடல்கடந்த அரசொன்றின் ஐந்தாம் படையாகக் கண்டது, சொல்லாட்சியானது கோட்பாட்டையும் விழுங்கவல்லது என்பதற்குத் தக்க சான்று. 1987இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாகி இந்தியப் படை வந்திறங்கியதும் அப்பேச்சு பெருவலிமை பெற்றது. இந்தியப் பொருள்களை விற்கலாகாது, வாங்கலாகாது எனக் கட்டளை பிறந்தது. 1988, 1989ஆம் ஆண்டுகளிலே கிளர்ச்சியாளரும் அரசபடைகளும் நடத்திய கொலைகளால் மாத்தளை பெரிதும் சீரழிந்தது. 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவிலே கண்டெடுக்கப்பட்ட 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எக்காலத்தவை என்பது பற்றிக் கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் காணாமற்போன தம் பிள்ளைகளை அக்குழியிலே தேடிவந்த தாய்மார் அக்காலத்தவரே. அவ்வியக்கத்தின் தலைவர் 2024 பெப்ரவரியில் இந்திய அரசின் அழைப்பை ஏற்று டில்லி சென்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியானார். அவரும் இம்மாவட்டத்திலே பிறந்தவர். பேச்சு மாறியது வரவேற்கத்தக்கதே. பழைய பேச்சைக் கேட்டு நடந்தவர்க்கும் அதனால் இறந்தவர்க்கும் அம்மாற்றத்தை அறிவிக்க வழியில்லை.

இனித் தம்புள்ளை. 2012 ஏப்ரல் 20ஆந் திகதி வெள்ளிக்கிழமை, ரங்கிரி தம்புள்ளை விகாரையின் தலைமைப் பிக்கு இனமலுவே சுமங்கல தேரரின் தலைமையிலே திரண்ட கூட்டம் அந்நகரின் பள்ளிவாசலுள் நுழைந்து அதனைச் சேதப்படுத்தியது. அன்று ஜும்ஆத் தொழுகை நடைபெறவில்லை. பள்ளிவாசல் அறுபது ஆண்டுகளாக அங்கு இருந்து வருவதென அதனைச் சார்ந்தோர் கூறினர். புனித பூமியுள் அமைந்த சட்டவிரோதக் கட்டடம் என எதிர்த்தோர் கூறினர். இரு நாட்களின் பின் பிரதமர் டி. மு. ஜயரத்ன பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றுமாறு பணித்தார். 2013 ஒக்டோபர் இறுதியில் அந்நகரின் பத்திரகாளியம்மன் கோவிலும் இடித்தழிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் சொல்லாட்சியிலே இரு தொடர்கள் கூர்ந்து நோக்கத்தக்கன. ‘சட்டவிரோதக் கட்டடம்’ என்பது நகரசபையின் மொழி. ‘புனித பூமி’ என்பது பக்தியின் மொழி. தனித்து நின்றால் முன்னையது ஒரு கடிதப் போக்குவரத்தோடு முடிந்துவிடும்; பின்னையது வழிபாட்டோடு முடிந்துவிடும். இரண்டும் மேடையிலே இணையும்போது, அளவைப் பிழையான ஒரு சுவர் மதநிந்தையாகின்றது. வழிபடும் அடியார் கூட்டம் சட்டத்தை நிறைவேற்றும் காவலர் படையாகின்றது. இவ்விணைப்புக்குப் பின்புலமாக நிற்பது வட்டகாமணி அபயனின் கதை. தமிழ்ப் படையெடுப்பாளருக்கு அஞ்சி அவன் தம்புள்ளைக் குகையிலே மறைந்திருந்தான், பின் அரசை மீட்டு அக்குகையை விகாரையாக்கினான் என்பது மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டின் அகதி மன்னனை இருபத்தோராம் நூற்றாண்டின் பெரும்பான்மை மக்களோடு ஒன்றாக்கிவிட்டால், பெரும்பான்மையினர் தாமே துரத்தப்படுபவர் என்று உணரத் தலைப்படுவர். சிங்களவருக்கு உலகிலே இந்த ஒரு நாடே உண்டு, தமிழருக்குத் தமிழகமும் முஸ்லிம்களுக்கு அரபுலகமும் உண்டு என்ற வாதம் இவ்வுணர்வின் வாய்பாடு. சிறுபான்மை மனப்பான்மை கொண்ட பெரும்பான்மை என்று சமூகவியலாளர் குறிப்பிடுவது இதனையே.

ஆனால் அக்குகைகளுக்குள்ளே சென்று பார்ப்போர்க்கு வேறொரு மன்னனின் உருவமும் தென்படும். இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் தீட்டப்பட்டவை. மூன்றாவது குகையான மகா அலுத் விகாரையை அமைத்தவனும் அவனே; அவனுடைய சிலை அங்கு நிற்கின்றது. 1747 முதல் ஆண்ட அவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்தவன். இந்நாட்டிலே அற்றுப்போயிருந்த உபசம்பதையை 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளைக் கப்பலில் வருவித்து மீள நிறுவியவனும் அவனே. நெற்றியிலே திருநீறணியும் அந்நியன் என்று குற்றஞ்சாட்டி 1760இல் அவனுக்கெதிராகச் சதி செய்தோரும் இருந்தனர். அந்நியன் என்னும் பேச்சு அன்றும் புதிதன்று எனத் தெரிகின்றது. அவன் அச்சதியிலிருந்து தப்பியும் ஓவியங்களைத் தீட்டுவித்தான். புனித பூமியின் பெயரால் அயலவரை வெளியேறக் கோரியோர், அப்புனிதத்தைப் புதுக்கிய அயலவனின் சிலைக்கு மிக அண்மையிலே நின்று அதனைக் கோரினர்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை எமது சங்கத்து வாசகர்க்கு உவப்பானதாகவே இருக்கும். பிறர் மொழியிலுள்ள நஞ்சைப் பகுத்துக் காட்டுவது எமக்கு எளிது. எமது மேடையும் இதே உத்தியிலே தேர்ந்ததுதான். தமிழகத்துத் திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி ஏடுகள் வழியே கடல் கடந்து ஈழத்து மேடையிலும் மலையக மேடையிலும் செல்வாக்குப் பெற்றது. சமூகச் சீர்திருத்தம் பற்றிய பகுதியைவிடச் சோழர் புகழ் பற்றிய பகுதியே இங்கு எளிதாக வேர்கொண்டது. இராசராசன் அனுராதபுரத்தை அழித்ததும் அவன் மகன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்ததும் எமது பேச்சிலே பெருமிதமாக ஒலித்தன. இதே செய்திகளைச் சிங்கள மேடை அச்சமாக ஒலித்தது. வரலாறு பற்றி இரு மேடைகளுக்குமிடையே கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஒன்று மற்றொன்றின் மேற்கோளாகவே வாழ்ந்தது. அம்மேற்கோளுக்கு விலை கொடுத்தோர் சோழர் யாரென்றே அறியாத தோட்ட மக்கள். தனிநாடு கோரிய வடகிழக்குத் தலைவர்கள் வெற்றிபெற்ற 1977இன் தேர்தலை அடுத்து ஓகஸ்டிலே தாக்கப்பட்டவருட் பலர் அக்கோரிக்கையோடு தொடர்பற்ற மலையகத் தொழிலாளர். அவர்கள் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தனர். 1983 யூலையில் மாத்தளை நகரிலே தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலின் ஒரு பகுதியும் தீக்கிரையாயிற்று.

தம்புள்ளையில் நடந்தவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் எதிர்க்கரையிலே நடந்தவற்றையும் சேர்த்து நோக்கல் வேண்டும். 2012 செப்டெம்பரில் தஞ்சாவூரை அடுத்த பூண்டி மாதா கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் சென்ற இலங்கை யாத்திரிகர் மறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். 2013 மார்ச்சில் தொல்லியல் மாணவர் குழுவொன்றோடு தஞ்சைப் பெரியகோவிலுக்கு வந்த இலங்கைப் பிக்கு ஒருவர் அடிக்கப்பட்டார். 2009இன் பேரழிவு பற்றித் தமிழகம் கொண்ட சினம் நியாயமானது. அச்சினத்தைத் தூண்டிய பேச்சு அதனை ஒரு மாணவப் பிக்குவின் முதுகிலே இறக்கியது எவ்வகையிலும் நியாயமன்று. இராசராசன் கட்டிய கோவிலின் கலையைக் கற்க வந்தவர் அக்கோவிலிலேயே அடிபட்டார். பல்லவ மரபிலெழுந்த நாலந்தாவைக் கொண்ட மாவட்டத்திலே சில மாதங்களின் பின் காளிகோவில் இடிந்தது. ஒன்று மற்றொன்றன் நேர்க்காரணம் என நாம் வாதிக்கவில்லை. இரு நிகழ்ச்சிகளிலும் ஒரே இலக்கணம் தொழிற்பட்டது என்பதே எமது கருத்து. கைக்கெட்டிய எளியவன், கைக்கெட்டாத வலியவனுக்குப் பதிலாள் ஆக்கப்பட்டான்.

எமது வசைச்சொற்களையும் மறைக்கலாகாது. தோட்டத் தமிழரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றவர் தமிழரே. முஸ்லிம்களைத் ‘தொப்பி பிரட்டி’ என்ற சொல்லும் எமது பேச்சிலே வழங்கியதுதான். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதற்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டதற்கும் முன்னர் அச்சொல் நெடுங்காலம் புழங்கிற்று. நகைச்சுவை போலப் புழங்கிற்று என்பதே கவனத்திற்குரியது.

தமிழ் மொழியிலேயே மேலுமொரு வகைப் பேச்சு வளர்ந்தது. காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம் பேசியது தமிழ். அவருடைய முதல் இலக்கு பௌத்தரோ கிறிஸ்தவரோ அல்லர். தன் ஊரின் சூபி மரபு முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அவர்களோடு ஏற்பட்ட மோதலின் பின் அவர் தலைமறைவானார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு யூனிலே இந்திய தேசியப் புலனாய்வு முகமை கோயம்புத்தூரிற் சோதனை நடத்தி, முகநூல் வழியே சஹ்ரானோடு தொடர்பு கொண்டிருந்ததாகக் கூறி ஒருவரைக் கைது செய்தது. மொழியொற்றுமை என்று நாம் மேடைதோறும் போற்றுவது இப்பேச்சுக்கும் வழிவிட்டது. இது பற்றி எமது தமிழ்த்துறைகள் ஏறத்தாழ மௌனமாகவே உள்ளன. அது மார்க்கப் பேச்சு, எமக்குரியதன்று என்ற எண்ணமே காரணம் போலும்.

உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல், அதற்கு முந்திய மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கல் என்று பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் அப்போது பாராளுமன்றத்திற் கூறினார். புத்தளம் வனாத்தவில்லிலே வெடிபொருட் களஞ்சியம் சனவரியிலேயே அகப்பட்டுவிட்டமையால் அவ்விளக்கம் பொருந்தவில்லை. எல்லை கடக்கும் வெறுப்பை இவ்வாறு அஞ்சற்றொடராகக் கருதுவது தவறு. கிறைஸ்ட்சேர்ச் கொலையாளி தன் ஆயுதங்களிலே இடைக்கால ஐரோப்பியப் போர்களின் பெயர்களை எழுதியிருந்தான்; அயலவர் பிள்ளைப்பேற்றினால் எம்மை மிகைத்து நிலத்தைக் கைப்பற்றுவர் என்பது அவனுடைய அச்சம். இவ்விரண்டையும், அதாவது பழம்போரை நிகழ்காலமாக்குவதையும் பிள்ளைப்பேற்றைப் படையெடுப்பாக்குவதையும், தம்புள்ளையின் பின் இங்கு எழுந்த பேச்சிலும் காண்கின்றோம். அவன் இங்கிருந்து கற்றானல்லன். இங்குள்ளோர் அவனிடமிருந்து கற்றாருமல்லர்.

நேரடியாகக் கற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. பர்மாவின் விராது தேரருடைய 969 இயக்கம், முஸ்லிம் கடைகளிலே எழுதப்படும் 786 என்னும் எண்ணைக் கூட்டினால் 21 வருவதால் இருபத்தோராம் நூற்றாண்டிலே அவர்கள் உலகைக் கைப்பற்றத் திட்டமிட்டுள்ளனர் என்னும் அளவுக்குச் சென்றது. எண்சாத்திரப் பித்து எமக்கும் புதிதன்று என்பதால் இதனைக் கேட்டு நகைப்பதற்கு எமக்கு உரிமையில்லை. 2014 யூன் மாதம் அளுத்கமையிலே கலகொட அத்தே ஞானசார தேரரின் கூட்டத்தை அடுத்துக் கலவரம் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் அவருடைய பொது பல சேனா கொழும்பிலே நடத்திய மாநாட்டுக்கு விராது தேரர் சிறப்பு விருந்தினராக வந்தார். இந்தியாவின் ஆர்.எஸ்.எஸ். அமைப்போடும் பேசிவருவதாக ஞானசார தேரர் கூறினார். அவ்வமைப்பின் சார்பில் அது மறுக்கப்பட்டது. 2016இல் வவுனியாவிலே சிவசேனை என்னும் பெயரில் ஓர் அமைப்புத் தோன்றியதையும், பம்பாயிலே 1960களில் அதே பெயரால் எழுந்த கட்சியின் முதற்பகை தென்னிந்தியரே, அவருள்ளும் தமிழரே, என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். தம்மை அடித்த கோலின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொள்வது வியப்பானதே.

ஒலிபெருக்கியின் காலத்திலே பேச்சுக்கு ஒரு தூரம் இருந்தது. தம்புள்ளை மேடையின் ஒலி நாவுலவைக் கடவாது. 2018 மார்ச்சிலே அவ்வரம்பு இல்லாதொழிந்தது. அம்பாறையில் உணவிலே மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்ற பொய்யும், தெல்தெனியாவிலே தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணமும் முகநூல் வழியே ஒன்றாகித் திகனையில் தீயாயின. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே ஏ-9 வீதியிலுள்ள அக்குறணைக்கும் அத்தீ பரவிற்று. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரிற்று. பேசியவன் யாரென்று அறியாமலே பேச்சைப் பெற்றுக்கொள்ளும் நிலை திறனாய்வாளனுக்கும் புதிது. மேடையிலே பேச்சாளனின் முகம் தெரிந்தது. கேட்டோரின் முகமும் ஒருவருக்கொருவர் தெரிந்தது. அவ்வாரங்களிலே மாத்தளை பஸ் நிலையத்தருகே எமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் பிற்பகலிலேயே கதவை இழுத்து மூடிவிடுவார். எதற்கென்று வினவியபோது, “நேற்று வந்த மூன்று வாடிக்கையாளரும் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்” என்றார்.

2023ஆம் ஆண்டு யூலை இறுதியில், மலையகத் தமிழர் வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் தொடங்கிற்று. முன்னோர் நடந்த வழியையே பின்பற்றித் தம்புள்ளையைக் கடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. சென்றோர் தோணியில் வந்தவரின் வழித்தோன்றல்கள் என்பதை மறைக்கவில்லை; அதனை அறிவித்துக்கொண்டே நடந்தனர்.